ஒரு வாத்தியார் ஆண்ட நாடு

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க.

நண்பர்களோட டீக்கடையில நின்னா அரசியல் பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கடைசியில ஒரே இடத்துலதான் போய் முடியும். "இதெல்லாம் சரிப்படாது மச்சி, நல்லவனா ஒருத்தன், படிச்சவனா ஒருத்தன், அவன் கையில பத்து வருஷம் முழு அதிகாரத்தையும் கொடுத்துடணும். அப்பதான் நாடு உருப்படும்." நானும் காலேஜ் படிக்கிறப்போ இதைப் பலமுறை சொல்லியிருக்கேன். மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

இப்போ என் டீம்ல தான்சானியாக்காரர் ஒருத்தர் இருக்கார். நாட்டின் தென்கிழக்கு மூலையில எம்ட்வாரா பக்கம், முந்திரி விளையுற பூமி. ஒருநாள் மதிய சாப்பாட்டு நேரத்துல அவங்க தாத்தா கதையைச் சொன்னார். 1974 வாக்கில் அரசாங்கம் தாத்தா குடும்பத்தை லாரியில ஏத்திக் கொண்டுபோய் ரோட்டோரமா ஒரு புது கிராமத்துல இறக்கி விட்டுடுச்சாம். அவரோட முந்திரி மரங்களெல்லாம் பழைய இடத்துலயே நின்னுபோச்சு. நடந்தா போக மட்டும் மூணு மணி நேரம். கொஞ்ச நாள் போய்ப் பார்த்தார், அப்புறம் விட்டுட்டார். மரத்தைச் சுத்திப் புதர் மண்டிப்போச்சு.

"அப்ப அந்த அரசாங்கத்து மேல உங்க வீட்ல செம கோவமா இருந்திருப்பாங்களே?"னு கேட்டேன். மனுஷன் சிரிச்சுட்டார். "எங்க வீட்டுக் கூடத்துல இன்னிக்கும் ம்வாலிமு படம் மாட்டியிருக்கு. தாத்தா மாட்டினதுதான்."

ம்வாலிமுன்னா சுவாஹிலி மொழியில ஆசிரியர். நம்ம பாஷையில வாத்தியார். லாரியில ஏத்தச் சொன்ன ஜனாதிபதியைத்தான் அந்த நாடே அப்படிக் கூப்பிடுது. ஜூலியஸ் நியரேரே.

மரத்தைப் பறிகொடுத்தவர் எதுக்காக அந்தப் படத்தை மாட்டினார்? இந்தக் கேள்வி என்னை ஒரு மாசம் தூங்க விடல. (சரி, சரி, ரெண்டு வாரம் :-)) படிச்சதையெல்லாம் இங்க கொட்டறேன்.

முதல்ல வேர்க்கடலைக் கதை

நியரேரேவுக்கு முன்னாடி நடந்த ஒரு கூத்தைச் சொல்லியாகணும். தான்சானியாவின் பெரும்பகுதிக்கு அப்போ டாங்கனிக்கான்னு பேரு. முதல் உலகப்போர் வரைக்கும் ஜெர்மனி கையில, அப்புறம் பிரிட்டன் கையில. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் பிரிட்டன்ல சமையல் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் பெரிய தட்டுப்பாடு. "ஆப்பிரிக்காவுல லட்சக்கணக்கான ஏக்கர்ல நிலக்கடலை போட்டா பிரச்னை தீர்ந்துது"ன்னு லண்டன்ல உக்காந்து திட்டம் போட்டாங்க. 1947ல கொங்வாங்கிற இடத்துல வேலை ஆரம்பிச்சுது.

டிராக்டர் பத்தல. போர்ல பயன்பட்ட ஷெர்மன் டாங்கிகளை டிராக்டரா மாத்திப் பார்த்தாங்க. புதர்க்காட்டோட வேரைப் பிடுங்கறதுக்குள்ள மெஷின்கள் பல்லிளிச்சுது. மழை காய்ஞ்சதும் களிமண் சிமெண்டு மாதிரி இறுகி, மண்ணுக்குள்ள இருந்த கடலையைத் தோண்டி எடுக்க முடியல. 1951ல கடையை மூடினாங்க. போனது 3.6 கோடி பவுனுக்கும் மேல. விதைக்கு வாங்கின அளவு கடலைகூட அறுவடையில வரலைன்னு சொல்வாங்க. கடலைக்காகவே தெற்கே போட்ட ரயில் பாதையையும் பின்னாடி பிடுங்கிட்டாங்க.

மழை எப்ப வரும், மண் எப்ப இறுகும்னு அந்த ஊர் விவசாயிக்கு நல்லாவே தெரியும். அவனை யாரும் கேக்கல. இதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

வாத்தியார் வருகிறார்

நியரேரே 1922ல புட்டியாமாங்கிற ஊர்ல பிறந்தவர். அப்பா ஒரு சின்ன இனக்குழுவின் தலைவர். எடின்பரோ பல்கலைக்கழகத்துல எம்.ஏ. படிச்சுட்டு, திரும்பி வந்து பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்தார். 1954ல டானு கட்சியை ஆரம்பிச்சு தலைவரானார். அரசியலா வேலையான்னு வந்தப்போ வேலையை விட்டார். 9 டிசம்பர் 1961ல நாடு விடுதலை. சண்டை இல்லை, ரத்தம் இல்லை. 1964 ஜனவரியில சான்சிபார் தீவுல புரட்சி நடந்து, ஏப்ரல்ல ரெண்டு நாடும் சேர்ந்து தான்சானியா ஆச்சு.

ஆளைப் பத்தி ரெண்டு தகவல் சொன்னா உங்களுக்கே பிடிச்சுப்போகும். நாட்டை ஆண்டுக்கிட்டே ஷேக்ஸ்பியரோட 'ஜூலியஸ் சீசர்', 'வெனிஸ் வணிகன்' ரெண்டையும் சுவாஹிலிக்கு மொழிபெயர்த்தவர். 1966ல, கட்டாய தேசிய சேவையில சம்பளம் குறைவுன்னு பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் வந்தப்போ கோவத்துல கிட்டத்தட்ட 400 பேரை வீட்டுக்கு அனுப்பிட்டார். ஆனா அதே சூட்டோட தன்னோட சம்பளத்தையும் 20 சதவீதம் குறைச்சுக்கிட்டார். ரெண்டுமே அதே மனுஷன்தான். நேர்மையும் அதே ஆள்கிட்ட, "நான் சொல்றதைக் கேளு"ங்கிற வாத்தியார் குணமும் அதே ஆள்கிட்ட.

1965ல நாடு சட்டப்படி ஒரு கட்சி நாடாச்சு. "நூத்துக்கும் மேல இனக்குழுக்கள் இருக்கிற ஏழை நாட்டுல ஆளுக்கொரு கட்சின்னா அடிச்சுக்கிட்டுச் சாவோம்"ங்கிறது அவர் வாதம். அதுலயும் ஒரு வித்தியாசம் வெச்சார். ஒவ்வொரு தொகுதியிலயும் ஒரே கட்சியைச் சேர்ந்த ரெண்டு பேர் மோதணும். ஒருத்தருக்கு மண்வெட்டி சின்னம், இன்னொருத்தருக்கு வீடு. 1965 தேர்தல்ல அமைச்சர்கள் சிலரே மண்ணைக் கவ்வினாங்க. ஜனாதிபதிக்கு மட்டும் ஒரே வேட்பாளர், வேணும் வேணாம்னு ஓட்டு. கூடவே, விசாரணை இல்லாம யாரையும் உள்ள வைக்கற தடுப்புக்காவல் சட்டம் 1962லயே வந்தாச்சு.

அருஷா பிரகடனம்

1967 பிப்ரவரி 5. தான்சானிய வரலாற்றில் இந்தத் தேதிக்கு முன், பின்னு ரெண்டாப் பிரிக்கலாம். அருஷா நகரத்து பேர்ல ஒரு பிரகடனம் வெளிவந்துது. சாரம் இதுதான்: நாம ஏழை நாடு. வெளிநாட்டுக் காசை நம்பி வளர முடியாது. நம்மகிட்ட இருக்கறது நிலமும் உழைப்பும். முக்கியமான உற்பத்திச் சாதனங்கள் மக்கள் கையில, அதாவது அரசு கையில இருக்கணும். கிராமமும் விவசாயமும்தான் அடிப்படை.

அடுத்த நாளே வங்கிகள் நாட்டுடைமை. அப்புறம் காப்பீடு, பெரிய மாவு ஆலைகள், கற்றாழை நார்த் தோட்டங்கள்ல பெரும்பங்கு எல்லாம் அரசுக்கு வந்துது.

என்னைக் கவர்ந்தது அதுல இருந்த தலைவர்களுக்கான நெறிமுறை. கட்சியிலயும் அரசுலயும் பொறுப்புல இருக்கறவங்க கம்பெனி பங்கு வெச்சுக்கக் கூடாது. ரெண்டு சம்பளம் கூடாது. வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. நம்மாளுங்க யாராவது கையெழுத்துப் போடுவாங்களா, யோசிச்சுப் பாருங்க :-)

இதோட மையத்துல இருந்த வார்த்தை உஜமா. குடும்பம் மாதிரி கூடி வாழறதுன்னு பொருள். ஆப்பிரிக்கக் கூட்டுக் குடும்பத்துல எல்லாரும் உழைப்பாங்க, எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவாங்க. அதையே நாடு அளவுக்குப் பெரிசாக்கினா அதுதான் நம்ம சோஷலிசம்னார். சிதறிக் கிடக்கற குடிசைகள் ஒரு கிராமமாச் சேர்ந்தா பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிதண்ணி கொடுக்கறது சுலபம். தர்க்கம் சுத்தமா இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் பட்டுது. யாரையும் வற்புறுத்தக் கூடாதுன்னும் ஆரம்பத்துல அவரே திரும்பத் திரும்ப எழுதினார்.

தானா முளைச்சதைப் பிடுங்கின கதை

நான் படிச்சதுலயே மனசைப் பிசைஞ்ச இடம் இது. அருஷா பிரகடனத்துக்கெல்லாம் முன்னாடியே, 1960களின் தொடக்கத்துல, தெற்கே ருவுமா பகுதியில லிட்டோவாங்கிற இடத்துல சில இளைஞர்கள் சேர்ந்து தாங்களா ஒரு கூட்டுக் கிராமம் அமைச்சாங்க. அக்கம்பக்கத்து கிராமங்களும் சேர்ந்து ருவுமா வளர்ச்சிச் சங்கம்னு ஆச்சு. தங்களுக்கு வேண்டிய பள்ளிக்கூடத்தைத் தாங்களே நடத்தினாங்க. மாவு மில், மர அறுவை ஆலைன்னு வெச்சாங்க. எதை விதைக்கணும், வருமானத்தை எப்படிப் பிரிக்கணும்னு கூடி உக்காந்து பேசி முடிவெடுத்தாங்க. நியரேரே எழுத்துல இருந்த உஜமா நிஜத்துல எங்கயாவது இருந்துதுன்னா அது அங்கதான். அவருக்கும் அது ரொம்பப் பிடிச்சிருந்துது.

ஆனா வட்டார அதிகாரிகளுக்கும் கட்சிக்காரங்களுக்கும் பிடிக்கல. "எங்களைக் கேக்காம நீங்களே முடிவெடுத்தா நாங்க எதுக்கு?" 1969 செப்டம்பர்ல கட்சியோட மத்தியக் குழு கூடி அந்தச் சங்கத்தைக் கலைச்சுது. சொத்தெல்லாம் பறிமுதல். "இனிமே உஜமாவைக் கட்சியே பாத்துக்கும்." நியரேரே தடுக்கல.

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது புரியும். எங்கயோ ஒரு சின்ன டீம், பயனரோட கூடவே உக்காந்து, ஒழுங்கா ஓடற ஒண்ணைக் கட்டியிருப்பாங்க. தலைமை அலுவலகம் வந்து "எல்லாக் கிளைக்கும் பொதுவான ஒரே டிசைன்"னு சொல்லி அதைத் தூக்கிக் கடாசிடும். நானும் அனுபவிச்சிருக்கேன். என்ன, இங்க தூக்கிக் கடாசினா ஒரு ரிலீஸ் போகும். அங்க போனது மனுஷங்க வாழ்க்கை.

லாரிகள்

தானா வரச் சொன்னா ஜனங்க மெதுவாத்தான் வந்தாங்க. அதிகாரிகளுக்கு மேலிடத்துல எண்ணிக்கை காட்டணும். கட்டாயம் மெல்ல உள்ள வந்துது. 1971 கிறிஸ்துமஸ் அன்னிக்கு இரிங்கா பகுதியில, உஜமாவை வேகமா அமல்படுத்தின பிராந்திய ஆணையர் வில்பர்ட் கிளேருவை சையிது ம்வாம்விண்டிங்கிற விவசாயி தன் நிலத்துல வெச்சே சுட்டுக் கொன்னார். தானே போலீசில் சரணடைஞ்சார். அவரைத் தூக்குல போட்டாங்க. அது ஒரு எச்சரிக்கை மணி. யாரும் காதுல வாங்கல.

1973 நவம்பர்ல நியரேரே அறிவிச்சார்: 1976 முடியறதுக்குள்ள கிராமப்புறத்துல எல்லாரும் கிராமங்கள்ல குடியேறியே ஆகணும். ராணுவமும் ஊர்க்காவல் படையும் லாரியோட வந்தாங்க. பல இடங்கள்ல, திரும்பி வந்துடக் கூடாதுன்னு பழைய குடிசையைக் கொளுத்தினாங்க, கூரையைப் பிரிச்சாங்க. 1977 வாக்கில் 1 கோடிக்கும் மேற்பட்டவங்க 7,000க்கும் அதிகமான புதுக் கிராமங்கள்ல இருந்தாங்க. 1967 கணக்கெடுப்புல நாட்டோட மொத்த ஜனத்தொகையே சுமார் 1.23 கோடிதான். அளவைப் பார்த்துக்கோங்க.

புதுக் கிராமங்களை எங்க வெச்சாங்க? பெரும்பாலும் ரோட்டோரமா. வீடெல்லாம் வரிசையா, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி. அதிகாரியோட ஜீப்பு போக வசதி, எண்ணிக்கை எடுக்க வசதி. ஆனா அந்த மண்ணுல ஜனங்க சிதறி வாழ்ந்ததுக்குக் காரணம் இருந்துது. மழை குறைச்சலான இடத்துல ஒரே இடத்துல ஆயிரம் பேர் இருந்தா தண்ணியும் விறகும் சீக்கிரம் தீரும், நிலம் சோர்ந்துபோகும். வயல் தூரமானா காட்டுப்பன்றியையும் குரங்கையும் விரட்ட ஆள் இருக்காது.

கொங்வா ஞாபகம் வருதா? வெள்ளைக்காரன் கேக்கல, சரி, அவன் அந்நியன். நம்ம வாத்தியாருக்கு ஊர் மேல உயிர். அவரும் கேக்கல.

முந்திரிக்கு வருவோம். 1973-74ல தான்சானியாவுல விளைஞ்ச முந்திரி சுமார் 1,45,000 டன். உலகத்துலயே பெரிய உற்பத்தி நாடுகள்ல ஒண்ணு. அதுல பெரும்பகுதி கொட்டையாவே கப்பலேறி நம்ம பக்கத்து கொல்லத்துக்கு வந்து, உடைச்சுப் பருப்பாச்சு. கொல்லத்தை ஏன் நம்பணும், நாமளே உடைக்கலாமேன்னு உலக வங்கிக் கடனெல்லாம் வாங்கிப் பத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் கட்டினாங்க. ஆனா விவசாயி மரத்தை விட்டு நடக்க முடியாத தூரத்துக்குப் போயாச்சு. வாரியம் கொடுத்த விலையும் கட்டுப்படியாகல. மரத்துல சாம்பல் நோய் வேற. 1980களின் பிற்பகுதியில விளைச்சல் 20,000 டன்னுக்கும் கீழ. ஆலைகள் பூட்டிக் கிடந்துது. நண்பரோட தாத்தா மரங்கள் அந்தக் கணக்குக்குள்ளதான் எங்கயோ இருக்கு.

கணக்கு இடிச்சுது

முந்திரி மட்டும் இல்ல. கற்றாழை நார் 1960களில் வருஷத்துக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல. 1980களின் நடுவில் அதுல அஞ்சுல ஒரு பங்குகூட இல்ல. செயற்கை நார் வந்து உலக விலை விழுந்தது ஒரு காரணம். தோட்டங்களை நடத்தத் தெரியாத அரசு நிறுவனங்கள் இன்னொரு காரணம்.

1972ல உள்ளாட்சி அமைப்புகளை ஒழிச்சாங்க. 1976ல விவசாயிகளோட கூட்டுறவுச் சங்கங்களைக் கலைச்சாங்க. அந்தச் சங்கங்கள்ல ஊழல் இருந்தது உண்மை. ஆனா அதுக்குப் பதிலா வந்த பயிர் வாரியங்கள் இன்னும் மோசம். விளைச்சலை அவங்ககிட்டதான் விக்கணும், அவங்க சொன்ன விலைக்குத்தான் விக்கணும், பணம் வரும்போதுதான் வரும். விவசாயி என்ன பண்ணுவான்? ஏற்றுமதிப் பயிரைக் குறைச்சுட்டு வீட்டுக்கு வேண்டிய சோளத்தை மட்டும் போட்டான். எல்லையோரத்துல இருந்தவன் காப்பிக்கொட்டையை ராத்திரியோட ராத்திரியா கென்யாவுக்குக் கடத்தினான்.

அரசு நிறுவனங்கள் 1980களின் நடுவில் நானூறைத் தாண்டிடுச்சு. மொரோகோரோ செருப்பு ஆலை ஒரு பாடப்புத்தகம். உலக வங்கிக் கடன்ல கட்டினது. வருஷத்துக்கு 40 லட்சம் ஜோடி செஞ்சு, பெரும்பகுதியை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி பண்றதாத் திட்டம். வெயில் கொளுத்தற ஊர்ல அலுமினியச் சுவர், காத்தோட்டம் கிடையாது. மொத்தத் திறன்ல 4 சதவீதத்துக்கு மேல ஓடினதில்ல. ஒரு ஜோடிகூட ஏற்றுமதி ஆகல. 1990ல மூடிட்டாங்க. தப்பு நியரேரேவோடது மட்டும் இல்லைங்கறதுக்கும் இது உதாரணம். உலக வங்கியும் ஸ்வீடன் மாதிரி நாடுகளும் போட்டி போட்டுக்கிட்டு இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தாங்க. சுயசார்பு பேசின நாடு, தலைக்கு இவ்வளவுன்னு பார்த்தா உதவி அதிகமா வாங்கின நாடுகள்ல ஒண்ணாச்சு.

1971ல ஒரு சட்டம் போட்டு, 1 லட்சம் ஷில்லிங்குக்கு மேல மதிப்புள்ள வாடகைக் கட்டடங்களை அரசு எடுத்துக்கிச்சு. அடிபட்டது பெரும்பாலும் இந்திய வம்சாவளி வியாபாரிகள், முக்கியமா குஜராத்திகள். இடி அமீன் உகாண்டாவுல செஞ்ச மாதிரி இங்க யாரையும் இனத்தைச் சொல்லித் துரத்தல. ஆனா ஆயிரக்கணக்கானவங்க தாங்களாவே மூட்டை கட்டினாங்க.

அதுக்கு மேல அடி மேல அடி. 1973ல எண்ணெய் விலை ஏற்றம். 1973-75 வறட்சி, லட்சக்கணக்கான டன் தானிய இறக்குமதி. 1977ல கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் உடைஞ்சு, கென்யாவோட பொதுவா இருந்த ரயில்வே, விமானக் கம்பெனியெல்லாம் பிரிஞ்சுது. 1978 அக்டோபர்ல இடி அமீன் படையெடுத்தார். தான்சானியப் படை திருப்பி அடிச்சு 1979 ஏப்ரல்ல கம்பாலாவையே பிடிச்சுது. அமீன் ஆட்சி ஒழிஞ்சது உலகத்துக்கே நல்லது. பில் முழுக்கத் தான்சானியா தலையில. சுமார் 50 கோடி டாலர்னு கணக்கு.

1979ல நிதியமைச்சர் எட்வின் ம்ட்டேய், நாட்டோட மத்திய வங்கிக்கு முதல் கவர்னரா இருந்தவர், "பன்னாட்டு நாணய நிதியத்தோட பேசித்தான் ஆகணும், ஷில்லிங் மதிப்பைக் குறைக்கணும்"னார். நியரேரே மறுத்தார். ம்ட்டேய் ராஜினாமா பண்ணார். கடைகள்ல சோப்பு இல்ல, சர்க்கரை இல்ல, துணி இல்ல. 1983ல "பொருளாதார நாசவேலை"க்காரங்களைப் பிடிக்கறோம்னு பெரிய வேட்டை. பதுக்கல் ஆசாமிகளோட சேர்ந்து சின்ன வியாபாரிகளும் மாட்டினாங்க. இருந்த கொஞ்ச சரக்கும் கடையை விட்டு மறைஞ்சுது.

வாத்தியார் விடைபெறுகிறார்

இங்கதான் இவர் மத்தவங்ககிட்டேர்ந்து வேறுபடறார். 1977ல, பிரகடனத்துக்குப் பத்து வருஷம் ஆனப்போ, தானே ஒரு அறிக்கை எழுதி எங்கெங்க தோத்தோம்னு பட்டியல் போட்டார். பிற்பாடு, உள்ளாட்சியையும் கூட்டுறவையும் ஒழிச்சது தப்புன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டார். 1985ல தானாவே ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கினார். சுத்திமுத்தி எத்தனை பேர் சாகற வரைக்கும் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு இருந்த காலம் அது! புட்டியாமாவுக்குத் திரும்பி விவசாயம் பார்த்தார். 14 அக்டோபர் 1999ல லண்டன் ஆஸ்பத்திரியில ரத்தப் புற்றுநோய்ல இறந்தார். சுவிஸ் பேங்க் கணக்குன்னு எதுவும் கிளம்பல.

அடுத்து வந்த அலி ஹசன் ம்வின்யி 1986ல நிதியத்தோட ஒப்பந்தம் போட்டார். 1985ல டாலருக்கு 17 ஷில்லிங் சொச்சமா இருந்தது, 1990ல 200ஐத் தொட்டுது. கடைகள்ல சாமான் வந்துது. வாங்கக் காசுதான் இல்ல. பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் வந்து பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சுது. தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை 2001லதான் எடுத்தாங்க. 1991ல தலைவர்கள் நெறிமுறையையும் தளர்த்தியாச்சு. 1992ல பல கட்சி முறை வந்தப்போ அதை ஆதரிச்சுப் பேசினவர்கள்ல நியரேரேவும் ஒருத்தர்.

அப்ப அந்தப் படம்?

தாத்தா கதைக்குத் திரும்புவோம். நண்பர்கிட்ட நேராவே கேட்டேன். அவர் சொன்னது: "தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புதுக் கிராமத்துல பள்ளிக்கூடம் இருந்துது. ராத்திரி வகுப்புல அவர் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டார். எங்க அப்பா அங்க படிச்சு வாத்தியார் ஆனார். நான் இங்க உக்காந்திருக்கேன். அப்புறம், எங்க நாட்டுல எந்த மூலைக்குப் போனாலும் நீ என்ன இனம்னு யாரும் முதல்ல கேக்க மாட்டாங்க."

இது சும்மா உணர்ச்சிப் பேச்சு இல்ல. விடுதலையப்போ பெரும்பாலான பெரியவங்களுக்கு எழுத்தறிவு கிடையாது. 1980களின் நடுவில் அரசுக் கணக்குப்படி எழுத்தறிவு 90 சதவீதத்தை ஒட்டி. கொஞ்சம் மிகைன்னு வெச்சுக்கிட்டாலும் பெரிய சாதனைதான். 120க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் இருக்கிற நாட்டுல சுவாஹிலி பொது மொழியாச்சு. சுத்தி இருக்கிற ருவாண்டா, புருண்டி, காங்கோ, உகாண்டா, மொசாம்பிக் எல்லாத்தையும் ஒருமுறை நினைச்சுப் பாருங்க. உள்நாட்டுப் போரோ ராணுவ ஆட்சியோ பார்க்காத நாடு இது.

அப்ப டீக்கடை நண்பர்கள் சொல்றது சரியா? நல்லவன் கையில முழு அதிகாரம் கொடுக்கலாமா?

என் பதில் இல்லைங்கறதுதான். ஏன்னு சொல்றேன். நியரேரேவை விட நல்லவரா, படிச்சவரா, காசு ஆசை இல்லாதவரா ஒருத்தரை நாம எங்க போய்த் தேடறது? அவர்கிட்டயே அது வேலை செய்யல. அவர் கெட்டவரா இருந்ததால தோக்கல. "இது தப்பு"ன்னு சொல்லக்கூடிய ஒவ்வொரு வாயும் ஒண்ணொண்ணா அடைபட்டதால தோத்தார். எதிர்க்கட்சி, லிட்டோவா இளைஞர்கள், உள்ளாட்சி, கூட்டுறவு, நிதியமைச்சர். மிச்சம் இருந்தது மேலிடத்துக்கு எண்ணிக்கை எழுதி அனுப்பின அதிகாரிங்க மட்டும்தான். அவங்க எழுதினதுல எல்லாம் பச்சை விளக்குதான்.

ரெண்டாவது, நல்லவர் ஒருநாள் போயிடுவார். அவருக்காகக் கட்டின நாற்காலி அங்கேயே இருக்கும். அவர் கட்சியோட இன்னொரு கட்சி இணைஞ்சு 1977ல உருவான சி.சி.எம்.தான் இன்னிவரைக்கும் ஆளுங்கட்சி. அதே வருஷத்து அரசியல் சட்டம்தான் இன்னிக்கும். 2015ல ஜான் மகுஃபுலி வந்தார். ஊழலை ஒழிக்கறேன்னு அதிரடி, ஜனங்க கொண்டாடினாங்க. 2016ல அரசியல் கூட்டங்களுக்குத் தடை. 2018ல விலை பத்தலைன்னு முந்திரி விவசாயிங்க விக்க மறுத்தப்போ, வியாபாரிகளை ஒதுக்கிட்டு ராணுவத்தையே அனுப்பி முந்திரியை எடுத்தார். ஆமாங்க, மறுபடியும் அதே முந்திரி, மறுபடியும் அதே ராணுவ லாரி. அதே 2018ல நம்மள மாதிரி பிளாக் எழுதறவங்க சுமார் 900 டாலர் கட்டி லைசென்ஸ் வாங்கணும்னு விதி வந்துது. பலபேர் கடையைச் சாத்திட்டுப் போனாங்க. 2020 மேக்கு அப்புறம் கொரோனா எண்ணிக்கையை வெளியிடறதையே நிறுத்திட்டாங்க. 2021 மார்ச்சில் மகுஃபுலி இறந்தார். அடுத்து வந்த சாமியா சுலுஹு ஹசன் முதல்ல கதவைக் கொஞ்சம் திறந்தார். 2023ல கூட்டத் தடை போச்சு. ஆனா 2025 ஏப்ரல்ல முக்கிய எதிர்க்கட்சித் தலைவர் துண்டு லிஸ்ஸு மேல தேசத்துரோக வழக்கு. அவர் கட்சி சடேமா, அந்த ராஜினாமா பண்ணின ம்ட்டேய் 1992ல ஆரம்பிச்ச அதே கட்சி, தேர்தல்ல நிக்கவே முடியல. 2025 அக்டோபர் 29 தேர்தல்ல ஜனாதிபதிக்குக் கிட்டத்தட்ட 98 சதவீதம் ஓட்டுன்னு அறிவிச்சாங்க. தெருவுல போராட்டம், துப்பாக்கிச் சூடு, இன்டர்நெட் துண்டிப்பு. பலர் செத்தாங்க.

அந்த வாரம் என் நண்பர் போனைக் கையிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். வீட்டுக்குக் கால் போகல. அஞ்சாறு நாள் கழிச்சு அம்மா குரலைக் கேட்டுட்டுத்தான் ஒழுங்கா சாப்பிட்டார். நான் அசட்டுத்தனமா, "வாத்தியார் படம் இப்பவும் சுவர்ல இருக்கா?"ன்னு கேட்டுட்டேன்.

"இருக்கு. அவர் எங்களுக்கு எழுதப் படிக்கக் கத்துக்கொடுத்தார். எழுதினதை அவர்கிட்ட வாசிச்சுக் காட்டத்தான் விடல"ன்னார்.

அதுக்கு மேல நான் எழுத ஒண்ணும் இல்ல. அடுத்த தடவை டீக்கடையில யாராவது "நல்ல சர்வாதிகாரி"ன்னு ஆரம்பிச்சா, இந்தப் பதிவை அனுப்பலாம்னு இருக்கேன். படிக்கறதுக்குள்ள டீ ஆறிடும், பரவாயில்ல :-)